கையெழுத்துக்கும் கம்பி வேலியா?

காஞ்சிபுரத்திலிருந்து சேப்பாக்கம் சுமார் 75 கிலோமீட்டர். ஐ.பி.எல். ஆட்டம் நடக்கிற நாட்களில் நம் ஊர் பஸ் நிலையத்தில் மஞ்சள் சட்டைப் பையன்களைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம். சிலர் கையில் டிக்கெட் உண்டு. பலர் கையில் அது இல்லை. ஒரு நோட்டும் பேனாவும்தான் உண்டு. ஆட்டக்காரர்களின் பஸ் மைதானத்துக்குள் நுழையும்போது ஒரு வினாடியாவது கண்ணில் பட மாட்டார்களா, ஒரு கையெழுத்தாவது கிடைக்காதா என்பதே அவர்களுடைய ஆசை. இரவு கடைசி பஸ்ஸில் வெறும் நோட்டுடன் திரும்புகிறவர்களே அதிகம்.

இந்தப் பையன்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சு அடிபடுகிறது. "படிப்பை விட்டுவிட்டு விளையாட்டுக்காரன் பின்னால் ஓடுகிற உருப்படாத கூட்டம்" என்று ஒரு சாரார் உபதேசம் செய்கிறார்கள். "விளையாட்டு வேறு, காசு விவகாரம் வேறு, வசதி உள்ளவன் உள்ளே போய் வாங்குகிறான், இல்லாதவன் டி.வி.யில் பார்க்கட்டும்" என்று இன்னொரு சாரார் சமாதானம் சொல்கிறார்கள். முதல் பேச்சு பையனைக் குற்றவாளியாக்குகிறது. இரண்டாவது பேச்சு வியாபாரியைக் காப்பாற்றுகிறது. இரண்டையும் நாம் மறுக்கிறோம்.

ஆசை குற்றமா?

கையெழுத்து வாங்குவது அந்நிய மோகம் என்று சொல்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பரணைத் தேடிப் பார்க்கட்டும். பள்ளி இறுதி வகுப்பில் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்த ஆட்டோகிராப் நோட்டு அங்கே கிடக்கும். நாலு வரி வாழ்த்து, கீழே ஒரு கையெழுத்து. காசு பெறாத அந்த நோட்டை எத்தனை பேர் முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்! "நீயும் நானும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இருந்தோம்" என்பதற்கு அது சாட்சி. விளையாட்டுக்காரனிடம் சிறுவன் கேட்பதும் அதே சாட்சியைத்தான். அதில் அற்பத்தனம் எங்கே இருக்கிறது?

பெரிய மனிதர்களுக்கு இந்த ஆசை இல்லையா? 2023 மே 14ஆம் தேதி சேப்பாக்கத்தில் என்ன நடந்தது? அந்த ஆண்டு சென்னை அணி சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய லீக் ஆட்டங்களில் கடைசி ஆட்டம் முடிந்தது. ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். சுனில் கவாஸ்கர் தோனியிடம் விரைந்து சென்று, தம் சட்டையிலேயே கையெழுத்துப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டார். டெஸ்ட் ஆட்டங்களில் முதன்முதலாக 10,000 ரன் கடந்த மனிதர் அவர். அதே சேப்பாக்கத்தில் 1983 டிசம்பரில் மேற்கு இந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 236 ரன் குவித்தவர். அவர் ஒரு சிறுவனைப் போல் ஓடிப் போய்க் கையெழுத்து வாங்கியதை நாடே பார்த்து நெகிழ்ந்தது. நாமும் குறை சொல்லவில்லை. கவாஸ்கர் செய்தால் கண்ணில் நீர் துளிர்க்கிறது. பிள்ளையார்பாளையத்து நெசவாளியின் மகன் செய்தால் மட்டும் உருப்படாத காரியமாகிவிடுகிறது. ஆசை ஒன்றுதான். வித்தியாசம் எங்கே? கவாஸ்கர் வேலிக்கு உள்ளே நின்றார். பையன் வெளியே நிற்கிறான். பிரச்னை ஆசையில் இல்லை, வேலியில் இருக்கிறது!

வேலியின் சரித்திரம்

சேப்பாக்கத்து வேலி நேற்று முளைத்ததல்ல. 1846இல் தோன்றிய சென்னை கிரிக்கெட் கிளப் வெள்ளைக்காரர்களுக்கே உரியதாக இருந்தது. இந்திய ஆட்டக்காரன் பெவிலியனுக்குள் கால் வைக்க முடியாது. மரத்தடிதான் அவனுக்கு இடம். அந்த அவமானத்தைப் பொறுக்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888இல் இந்தியர்களுக்கென்று மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். முதல் வேலி நிறத்தால் கட்டிய வேலி.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வேலி தளர்ந்தது. 1952 பிப்ரவரியில் இங்கிலாந்தை இந்தியா இதே சேப்பாக்கத்தில் தோற்கடித்தது. டெஸ்ட் ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. வினு மன்கட் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட் வீழ்த்தினார். அன்றைய ஆட்டக்காரர்கள் ரயிலில் வந்து இறங்கியவர்கள். பலருக்கு ஆபீஸ் உத்தியோகம்தான் ஜீவனம். ஆட்டத்துக்குக் கிடைத்தது சொற்பம். ரயிலடியிலும் ஓட்டல் வாசலிலும் மைதானத்தின் கயிற்றோரத்திலும் நோட்டை நீட்டியவனுக்குக் கையெழுத்துக் கிடைத்தது. அன்றும் டிக்கெட் எல்லாருக்கும் எட்டவில்லை. ஆனால் கையெழுத்துக்கு விலைச் சீட்டு ஒட்டப்படவில்லை.

1983இல் கபில் தேவ் அணி உலகக் கோப்பையை வென்று வந்தது. அவர்களுக்குத் தக்க பரிசளிக்க கிரிக்கெட் வாரியத்திடம் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டில்லியில் கச்சேரி நடத்தி நிதி திரட்டிக் கொடுத்த பிறகுதான் ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் கிடைத்தது. உலகத்தை ஜெயித்தவனுக்கே அன்று அதுதான் கதி!

இன்று நிலைமை என்ன? 2008இல் ஐ.பி.எல். பிறந்தது. சென்னை அணி 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு விலை போனது. 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷ ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. 2024 நவம்பர் ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடி ரூபாய்க்கு ஏலம் போனார். டிக்கெட்? 2024இல் பெங்களூர் அணி சேப்பாக்கத்தில் ஆடிய ஆட்டத்துக்கு மிகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். மேலே 7,500 ரூபாய் வரை. தகப்பனும் மகனும் போனால் டிக்கெட்டுக்கே குறைந்தது 3,400 ரூபாய். அதற்கு மேல் பஸ் சார்ஜ், சாப்பாடு, மறுநாள் தறி நின்று போகிற கூலி நஷ்டம்!

நிற வேலி போயிற்று. பண வேலி வந்து சேர்ந்தது. முதலில் டிக்கெட். அதைத் தாண்டினால் கம்பித் தட்டி. அதையும் தாண்டினால் விளம்பரதாரர்களின் விருந்தாளிகளுக்கு மட்டுமே உரிய அறைகள். கையெழுத்து வாங்கும் பாக்கியம் கடைசி அறையில் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. வேலியோரம் வந்து நின்று கையெழுத்துப் போடுகிற ஆட்டக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஆட்டக்காரனின் நேரம் அவனுடையதாக இல்லை. எந்த விளம்பரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று ஒப்பந்தம் பேசப்பட்டுவிட்ட பிறகு, மிச்சம் மீதிதான் சிறுவனுக்கு.

அமெரிக்கா காட்டுகிற கண்ணாடி

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று தெரிந்துகொள்ள ஜோசியம் பார்க்க வேண்டாம். அமெரிக்காவைப் பார்த்தால் போதும். அங்கே பேஸ்பால் என்பது இங்கே கிரிக்கெட் மாதிரி. பேப் ரூத் என்ற மாபெரும் ஆட்டக்காரர் தெருவில், மைதான வாசலில், ரயிலடியில் எங்கே சிறுவர்களைக் கண்டாலும் பந்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆட்டம் தொடங்குமுன் தடுப்புச் சுவரோரம் சிறுவர்கள் பந்தும் பேனாவுமாக நிற்பது அங்கே பரம்பரை வழக்கம்.

பிறகு வியாபாரி உள்ளே நுழைந்தான். கையெழுத்துச் சந்தைகள் கிளம்பின. ஆட்டக்காரன் மேஜை போட்டு உட்காருவான். காசு கட்டியவர்கள் வரிசையில் நிற்பார்கள். கையெழுத்து ரொக்கமாக மாறியதும் ரொக்கத்துக்கு உரிய வியாதிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டன. பீட் ரோஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர், கையெழுத்துக் காசு உள்ளிட்ட வருமானத்தை மறைத்த வரிக் குற்றத்துக்காக 1990இல் சிறை சென்றார். 1995இல் டியூக் ஸ்னைடர், வில்லி மெக்கோவி ஆகியோரும் கையெழுத்து வருமானத்துக்கு வரி கட்டாத குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். எல்லாரும் அந்நாட்டுச் சிறுவர்களின் தெய்வங்கள்!

அதோடு நின்றதா? கள்ளக் கையெழுத்து ஒரு தனித் தொழிலாயிற்று. எப்.பி.ஐ. போலீஸ் மறைந்திருந்து துப்பறிந்து, 2000ஆம் ஆண்டில் ஒரு பெரிய கும்பலை அம்பலப்படுத்தியது. அந்தக் கும்பல் பேப் ரூத் கையெழுத்தைப் போட்டது; மார்க் மெக்வயர் கையெழுத்தைப் போட்டது; அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகள் என்றுகூட விற்றது! கல்கத்தாவில் ரோகிகளுக்குத் தொண்டு செய்த அம்மையார் பேஸ்பால் பந்துக்குக் கையெழுத்துப் போட்டார் என்று நம்பி வாங்கவும் ஆள் இருந்தார்கள். லாபவேட்டை மனிதனை எவ்வளவு தூரம் குருடாக்கும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? 2001 முதல் பேஸ்பால் சங்கமே கையெழுத்துக்கு சாட்சி வைத்து, மின்னும் முத்திரை ஒட்ட வேண்டியதாயிற்று.

இங்கும் அதே கடை விரிக்கப்பட்டுவிட்டது. கையெழுத்திட்ட மட்டை, கையெழுத்திட்ட சட்டை, கண்ணாடிப் பெட்டி, கூடவே "அசல்" என்று ஒரு சான்றிதழ்! சாட்சியாக இருந்த கையெழுத்துக்கு இப்போது இன்னொரு சாட்சி தேவைப்படுகிறது. வேலியோரம் நின்று, கண்ணெதிரே, வியர்வை சொட்டும் கையால் வாங்கியவனுக்குச் சான்றிதழ் எதற்கு? காசு கொடுத்து வாங்குகிறவனுக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும்.

இரண்டு சமாதானங்கள்

"காந்தியே கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கவில்லையா?" என்று கேட்கிற சாமர்த்தியசாலிகள் இருக்கிறார்கள். வாங்கினார், உண்மை. அன்றைய 5 ரூபாய் ஏழைக்குப் பெரும் பணம் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பணம் எங்கே போயிற்று? ஹரிஜன நிதிக்குப் போயிற்று. காந்தியின் மடிக்குப் போகவில்லை. விஜய் மெர்ச்சன்டின் சகோதரி தம் கையெழுத்துப் புத்தகத்தை நீட்டியபோது, 1933-34இல் வந்த இங்கிலாந்து அணியின் 16 ஆட்டக்காரர்கள் கையெழுத்திட்டிருந்த பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, 17ஆவது ஆளாகத் தம் பெயரைப் போட்டுக்கொண்டவர் காந்தி! 2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தோனி பிடித்த மட்டை லண்டனில் 1 லட்சம் பவுனுக்கு ஏலம் போனபோதும் பணம் தரும காரியத்துக்கு என்றுதான் ஏலம் விட்டார்கள். அதை நாம் எதிர்க்கவில்லை. பொது நிதிக்குக் காசு திரட்டுவது ஒன்று. சிறுவனின் ஆசையைப் பிடித்து வைத்துக்கொண்டு லாபம் கறப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே தராசில் போடுவது பசப்பு.

இரண்டாவது கேள்வி நம்மை மடக்குவதற்காகவே கேட்கப்படுவது: "நீங்கள் தொழிலாளிக்காகப் பேசுகிறவர்கள் ஆயிற்றே! கையெழுத்துப் போடுவதும் உழைப்புதானே? ஆட்டக்காரன் ஏன் இலவசமாகப் போட வேண்டும்?"

நல்ல கேள்வி. நேராகவே பதில் சொல்கிறோம். ஆட்டக்காரனுக்கு உரிய கூலி வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. 1983இல் கச்சேரி வைத்துக் காசு திரட்டியது வாரியத்துக்குத்தான் வெட்கக்கேடு. ஒரு கம்பெனி இருநூறு மட்டைகளை அடுக்கி வைத்து ஆட்டக்காரனைக் கையெழுத்துப் போடச் சொன்னால் அது வேலை. அதற்குக் கூலி உண்டு. அதைக் கம்பெனி கொடுக்கட்டும். ஆனால் வேலியோரம் நிற்கிற சிறுவன் முதலாளி அல்ல. அவன் அந்தக் கையெழுத்தை விற்கப் போவதில்லை. அவன் கேட்பது சரக்கு அல்ல, மரியாதை. சிறுவன் "வணக்கம்" சொன்னால் பதில் வணக்கத்துக்கு யாராவது பில் போடுவார்களா?

அது மட்டுமல்ல. அந்தக் கையெழுத்துக்கு மதிப்புத் தந்தவர்கள் யார்? 48,390 கோடி எதற்காகக் கொடுக்கப்பட்டது? பார்க்கிற கண்களுக்காக! அந்தக் கண்கள் யாருடையவை? டீக்கடையில் நின்று பார்க்கிறவன், தறிமேட்டில் செல்போனைச் சாய்த்து வைத்துப் பார்க்கிறவன், தெருவில் மட்டை பிடிக்கிற பையன்—இவர்களுடைய கண்கள்தான். ஜனங்கள் கொடுத்த புகழை ஜனங்களுக்கே விலைக்கு விற்பது எந்த ஊர் நியாயம்?

பெங்களூர் சொல்வதென்ன?

கூட்டத்தின் அன்பை இலவச விளம்பரமாக மட்டும் பார்க்கிறவர்கள் கையில் அந்தக் கூட்டம் என்ன பாடு படும் என்பதை 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூர் காட்டியது. 18ஆவது வருஷத்தில் முதன்முறையாகக் கோப்பை வென்ற அணிக்கு மறுநாளே சின்னசாமி மைதானத்தில் வெற்றி விழா. சுமார் 35,000 பேர் கொள்ளும் மைதானத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள். வாசல்களில் நெரிசல். 11 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளவயதினர். தங்கள் வீரர்களை ஒரு தடவை அருகில் பார்க்க வேண்டும் என்பது தவிர அவர்கள் செய்த குற்றம் என்ன?

"பார்த்தீர்களா, அதனால்தான் வேலி வேண்டும் என்கிறோம்" என்று இந்த இடத்தில் சிலர் குதிப்பார்கள். நில்லுங்கள்! ஒழுங்கு வேண்டும், பாதுகாப்பு வேண்டும்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வருஷமெல்லாம் எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று "வாருங்கள், தரிசனம் தருகிறோம்" என்று கதவைத் திறப்பதாகச் சொன்னால் கூட்டம் முண்டாமல் என்ன செய்யும்? நம் ஊரில் 2019இல் அத்திவரதரைத் தரிசிக்க வந்த கூட்டத்தை யார் மறந்திருக்க முடியும்? 40 வருஷத்துக்கு ஒரு தடவை, 48 நாள் என்றால் அப்படித்தான் கூட்டம் வரும். கடவுளுக்கு அது ஐதீகம். கிரிக்கெட் ஆட்டக்காரனுக்கு எதற்கு? அடிக்கடி, அமைதியாக, ஊர் ஊராக அவன் ஜனங்கள் நடுவே வந்து நின்றால் நெரிசலுக்கு வேலையே இல்லை.

பெயர் மட்டும் காஞ்சி

ஊர் ஊராக வந்தார்களா? அந்த வேடிக்கையையும் கேளுங்கள். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் போட்டி தொடங்கியது. நம் ஊர்ப் பெயரிலும் ஒரு அணி இருந்தது. காஞ்சி என்ற பெயர் டி.வி.யில் ஒலித்ததும் இங்குள்ள பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். ஆட்டங்கள் எங்கே நடந்தன? சேப்பாக்கத்தில், திண்டுக்கல் பக்கம் நத்தத்தில், திருநெல்வேலியில். காஞ்சிபுரத்தில் ஒரு ஆட்டமும் இல்லை. சில வருஷத்தில் அந்தப் பெயரும் போயிற்று. 2021 போட்டியில் அந்த இடத்தில் நெல்லையின் பெயர் ஏறியது. நெல்லைச் சகோதரர்கள் மீது நமக்கு வருத்தம் இல்லை. ஊர்ப் பெயரை இரவல் வாங்கிச் சட்டையில் அச்சடித்துக்கொண்டு, ஊருக்குள் கால் வைக்காமலே கழற்றிப் போட்டுவிட்டார்கள். அந்த அணிக்காகக் கை தட்டிய நம் பிள்ளை யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவான்?

கையெழுத்தில்லாத கைகள்

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இந்த விஷயம் ஏன் மற்றவர்களைவிட அதிகமாக உறைக்க வேண்டும்? பெயர் யாருக்கு, உழைப்பு யாருக்கு என்ற பாடத்தை இந்த ஊர் நெடுங்காலமாகப் படித்து வருகிறது.

கைலாசநாதர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் உள்ள சிறு சன்னதிகளில் ராஜசிம்ம பல்லவனின் பட்டப்பெயர்கள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. மன்னன் கல்லில் போட்டுக்கொண்ட கையெழுத்து அது! அந்த எழுத்தை வெட்டிய கை யாருடையது? அந்த வரிசையில் அவன் பெயர் இல்லை.

பட்டுக்கு வாருங்கள். ஒரு சேலை தறியை விட்டு இறங்கப் பத்து நாளும் ஆகும். வேலைப்பாடு மிகுந்தால் ஒரு மாதமும் ஆகும். கோர்வைச் சேலை என்றால் ஒரு ஆளால் முடியாது. கரையில் நாடா வாங்கித் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை ஒரு காலத்தில் குழந்தையின் கையாக இருந்தது. முன்பணம் வாங்கிய கடனுக்காகக் குழந்தைகள் தறியில் கட்டுண்டு கிடந்ததைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற சர்வதேச அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பிறகு நிலைமை பெரிதும் மாறியது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். அன்று தறிக்குழியோரம் விளையாட்டைத் தொலைத்த பிள்ளைகள் இன்று தகப்பன்மார்களாக இருக்கிறார்கள். தன் மகன் நோட்டும் பேனாவுமாகச் சேப்பாக்கத்துக்குக் கிளம்பும்போது அந்தத் தகப்பன் ஏன் தடுக்கவில்லை என்பது உபதேசிகளுக்குப் புரியாது. நமக்குப் புரிகிறது.

சேலை கடைக்குப் போகிறது. கடையின் பெயர் உண்டு. அசல் பட்டு என்று சொல்லும் சில்க் மார்க் உண்டு. காஞ்சிபுரம் பட்டு என்ற புவிசார் குறியீடும் உண்டு. இவை எல்லாம் வேண்டியவைதான்; போலிச் சரக்கைத் தடுக்க அவை உதவுகின்றன. ஆனால் நெய்தவன் பெயர் எங்கே? அவன் கையெழுத்துக் கூலி நோட்டிலும் கடன் சீட்டிலும்தான் விழுகிறது. ஒருவன் கையெழுத்து ஏலத்தில் போகிறது. இன்னொருவன் கையெழுத்து அவனையே அடகு வைக்கிறது!

பெயர் தெரியாத உழைப்பின் வலியை அறிந்த ஊர், திறமைசாலியின் பெயரைக் கேட்டு ஓடுகிற தன் பிள்ளையை ஏளனம் செய்யலாமா? ஒரு மனிதனின் கைத்திறனை மதித்து "உன் பெயரை எழுதிக் கொடு" என்று கேட்கிறான் பையன். அது நல்ல பழக்கம். அந்த மரியாதை மட்டை பிடித்த கையோடு நின்றுவிடாமல் நாடா பிடித்த கைக்கும் வர வேண்டும் என்பதே நம் ஆசை.

நாம் கேட்பது

நாம் ஆகாயத்தைக் கேட்கவில்லை. செய்யக்கூடியதைக் கேட்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு ஆட்டத்தன்றும், ஆட்டம் தொடங்குமுன் கால் மணி நேரம் ஆட்டக்காரர்கள் சாதாரண காலரி வேலியோரம் வரட்டும். வரிசை வைத்து, சிறுவர்களுக்கு முதலிடம் தந்து, காசில்லாமல் கையெழுத்திடட்டும். விளம்பரப் படத்துக்கு ஒதுக்குகிற நேரத்தில் இது தூசி.

இரண்டு: சேப்பாக்கத்தில் ஒரு பகுதியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கும் குறைந்த விலையில் ஒதுக்கட்டும். மாவட்டப் பள்ளிகள் மூலம் முறை வைத்து அந்த டிக்கெட் வரட்டும்.

மூன்று: ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொள்கிற எந்த அணியும் வருஷத்தில் ஒரு நாளாவது அந்த ஊரில் பயிற்சி ஆட்டம் ஆடட்டும். கதவு திறந்திருக்கட்டும்.

நான்கு: காஞ்சிபுரத்துக் கூட்டுறவுச் சங்கங்கள் வழி காட்டட்டும். ஒவ்வொரு சேலையின் சீட்டிலும் நெய்தவர் பெயரைப் போடட்டும். முந்தானையோரம் தன் பெயரின் முதலெழுத்தை நெய்ய நெசவாளிக்கு உரிமை கொடுக்கட்டும்.

இந்த நாலில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டாம், கோடிகள் வேண்டாம். மனம் இல்லாதவர்களை மனம் வைக்கச் செய்ய ஜனங்களின் குரல் வேண்டும். ரசிகர் மன்றங்களில் இருக்கிற இளைஞர்களே, பானர் கட்டுவதோடு உங்கள் கடமை தீர்ந்துவிட்டதா? நீங்கள் கொண்டாடுகிற அணியிடம் இதைக் கேளுங்கள். ஆசிரியர்களே, நெசவாளர் சங்கத்துத் தோழர்களே, நீங்களும் கேளுங்கள். நோட்டோடு நிற்கிற பையன் பிச்சை கேட்கவில்லை. தான் கொடுத்த புகழுக்கு ஒரு ரசீது கேட்கிறான். அதைக் கொடுக்கச் சொல்லுங்கள்!